குழுவின் திறவுகோலும் ஓர் அமானிதமே

இன்று நம் ஊர்களில் வாட்ஸ்அப் குழு இல்லாத ஜமாஅத்தைக் காண்பது அரிது. நிர்வாகக் குழு, ஜகாத் விநியோகக் குழு, மருத்துவ உதவிக் குழு, வரன் தேடுவோர் குழு, மதரஸா பெற்றோர் குழு எனப் பொதுப்பணியில் இருக்கும் ஒருவரின் கைப்பேசியில் பத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் இருக்கின்றன. அவற்றின் வழியே நடைபெறும் நற்பணிகள் ஏராளம். இரவு பதினொரு மணிக்கு இரத்தம் தேவை என்ற செய்தி வந்தால் பதினொன்றரைக்குள் கொடையாளர் கிடைத்துவிடுகிறார். இந்த வசதியைக் குறை சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று.

ஆயினும் அக்குழுக்களில் என்னென்ன சேர்ந்து கிடக்கின்றன என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். உதவி கோரிய ஒரு விதவையின் குடும்ப அட்டை, அவருடைய வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், ஒரு சிறுநீரக நோயாளியின் மருத்துவ அறிக்கை, ஒரு பெண்ணின் புகைப்படத்துடன் கூடிய சுயவிவரம், ஒரு தம்பதியரின் பிணக்கு பற்றிய விவரம் என யாவும் அங்கே உள்ளன. உதவி கேட்டு வந்தவர் தம் நிலையை ஒரு நிர்வாகியிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். ஒரு மணி நேரத்துக்குள் அது நாற்பது கைப்பேசிகளில் இருக்கிறது. அந்த நாற்பது பேர் யார் யார் என்று அவருக்குத் தெரியாது. பல நேரங்களில் நிர்வாகிக்கே தெரியாது.

இதைச் சுட்டிக் காட்டினால், “அதுதான் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்பட்டுள்ளதே, வேறு யாரும் படிக்க முடியாதே” என்ற பதில் உடனே வருகிறது. அந்தப் பதிலின் பாதி உண்மை. மற்றப் பாதி குறித்தே இங்கு பேச விரும்புகிறேன்.

பூட்டு வலுவானதே

மறைமொழிக் கலை நமக்குப் புதியதன்று. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி, மறைத்து எழுதப்பட்டவற்றை எவ்வாறு வெளிக்கொணர்வது என்று ஒரு நூல் எழுதினார். அத்துறையில் இன்று நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் மிகப் பழையது அதுவே. எந்த மொழியிலும் சில எழுத்துகள் அடிக்கடியும் சில எழுத்துகள் அரிதாகவும் வரும். எழுத்துகளை மாற்றி எழுதினாலும் அந்த விகிதம் உள்ளே மறைந்திருக்கும். அதை எண்ணிப் பார்த்தால் மூலம் புலப்படும் என்பது அவர் கண்ட வழி. அக்காலத்தில் மறைமொழியின் பலவீனம் அதன் முறையிலேயே இருந்தது.

1883இல் அகஸ்ட் கெர்க்ஹாஃப்ஸ் என்ற டச்சு அறிஞர் இராணுவ மறைமொழி பற்றி எழுதியபோது ஒரு நெறியை வகுத்தார். முறை எதிரியின் கையில் சிக்கினாலும் தீங்கு வரக் கூடாது. பாதுகாப்பு முழுவதும் திறவுகோலையே சார்ந்திருக்க வேண்டும் என்பது அந்நெறி. இன்றைய மறையாக்கம் அனைத்தும் அதன்மேல்தான் நிற்கிறது. வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் தன் எல்லாப் பயனர்களுக்கும் முனைக்கு முனை மறையாக்கத்தை வழங்கியபோது, அதன் செயல்முறையை வெளிப்படையாகவே அச்சிட்டு வெளியிட்டது. பூட்டின் வரைபடம் ஊரறியக் கிடக்கிறது. ஆயினும் திறவுகோல் இன்றி அதை உடைக்க இயலாது.

அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: திறவுகோல் யார் யாரிடம் இருக்கிறது?

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியக் கடற்படை எனிக்மா என்ற மறையாக்க இயந்திரத்தைப் பயன்படுத்தியது. அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே அமைப்பில் இயந்திரத்தைத் திருத்தி வைக்க வேண்டும். அதற்கான திறவுகோல் பட்டியல்களை முன்கூட்டியே அச்சிட்டுக் கப்பல்தோறும் கொடுத்திருந்தார்கள். கப்பல் எதிரியிடம் சிக்கினால் அழிந்துபோக வேண்டும் என்பதற்காகத் தண்ணீரில் கரையும் மையில் அவற்றை அச்சிட்டார்கள். அப்படியிருந்தும் 1941 மே மாதத்தில் யு-110 என்ற நீர்மூழ்கிக் கப்பலைப் பிரிட்டிஷார் கைப்பற்றியபோது இயந்திரமும் ஆவணங்களும் அவர்கள் கைக்குப் போயின. பலர் பகிர்ந்துகொள்ளும் திறவுகோலின் இயல்பு இதுதான். அதை வைத்திருப்போரில் மிகக் கவனக்குறைவானவர் எவ்வளவு பாதுகாப்பானவரோ, குழு முழுவதும் அவ்வளவே பாதுகாப்பானது.

ஒரு குழுவில் திறவுகோல் எப்படிப் பகிரப்படுகிறது

நாற்பது பேர் கொண்ட ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் இணைக்கும் தனித் தொடர்பு என்றால் 780 தொடர்புகள் ஆகும். ஒருவர் அனுப்பும் ஒவ்வொரு செய்தியையும் மற்ற 39 பேருக்கும் தனித்தனியே பூட்டி அனுப்புவது பெரும் சுமை. ஆகவே வாட்ஸ்அப் வேறு வழியைக் கையாளுகிறது. குழுவில் முதன்முறை எழுதும்போது உங்கள் கைப்பேசி உங்களுக்கென ஒரு திறவுகோலை உருவாக்குகிறது. அதை மற்ற ஒவ்வொருவருக்கும் தனிப்பட்ட மறையாக்கத் தொடர்பின் வழியே கொண்டு சேர்க்கிறது. அதன்பின் உங்கள் செய்தி ஒரே ஒரு முறை பூட்டப்படுகிறது. நடுவிலுள்ள வழங்கி அதைப் பிரதியெடுத்து எல்லோருக்கும் அனுப்புகிறது. வழங்கியால் திறக்க முடியாது. திறவுகோலைப் பெற்றவர்களால் முடியும்.

ஒருவர் குழுவிலிருந்து விலகினாலோ நீக்கப்பட்டாலோ, எஞ்சியிருப்போரின் கைப்பேசிகள் பழைய திறவுகோல்களை விட்டுவிட்டுப் புதியவற்றை உருவாக்கிக்கொள்கின்றன. நீங்கியவரிடம் புதிய திறவுகோல் போய்ச் சேராது. வீட்டில் குடியிருந்தவர் காலி செய்துவிட்டுப் போனபின் பூட்டை மாற்றுவதைப் போன்றது இது.

பெரிய குழுக்களுக்கு இம்முறையும் சுமையாகிறது. அதனால் இணையத்தின் நெறிமுறைகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பு 2023 ஜூலையில் எம்.எல்.எஸ். என்ற புதிய நெறிமுறையை வெளியிட்டது. அதன் எண் ஆர்.எஃப்.சி. 9420. இதில் உறுப்பினர்கள் ஒரு மரத்தின் இலைகளைப் போல் அடுக்கப்படுகிறார்கள். ஒருவர் மாறினால் அவருடைய இலையிலிருந்து வேர்வரை உள்ள பாதையிலிருக்கும் திறவுகோல்களை மட்டும் புதுப்பித்தால் போதும். ஆயிரம் பேர் கொண்ட குழுவிலும் அந்தப் பாதை ஏறத்தாழ பத்துப் படிகள்தான். ஒவ்வொரு சேர்க்கைக்கும் நீக்கத்துக்கும் பின்னர் குழு ஒரு புதிய காலகட்டத்தில் நுழைகிறது. புதிதாக வந்தவருக்கு முந்தைய காலகட்டத்தின் திறவுகோல் கிடைக்காது. வெளியேறியவருக்கு அடுத்ததன் திறவுகோல் கிடைக்காது.

வாசகர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய முறையானாலும் புதிய முறையானாலும் இந்த ஏற்பாடு முழுவதையும் இயக்குவது உறுப்பினர் பட்டியல்தான். பட்டியலில் யார் இருக்கிறாரோ, அவருக்காகவும் சேர்த்தே செய்தி பூட்டப்படுகிறது. மூன்றாண்டுகளுக்கு முன் பொறுப்பிலிருந்து விலகிய செயலாளரின் பெயரை யாரும் நீக்கவில்லை என்றால், நேற்று வந்த மருத்துவ அறிக்கையின் திறவுகோலும் அவரிடம் இருக்கிறது. அவர் நல்லவராக இருக்கலாம். அவருடைய பழைய கைப்பேசி இப்போது யாரிடம் இருக்கிறது என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

பூட்டு உடையாமலேயே வெளியான இரகசியம்

இதற்கு அண்மைக்கால உதாரணம் ஒன்று உண்டு. 2025 மார்ச் மாதத்தில் ஏமன் மீது நடத்தவிருந்த தாக்குதல் குறித்து அமெரிக்காவின் உயர் அதிகாரிகள் சிக்னல் செயலியில் ஒரு குழு அமைத்துப் பேசினார்கள். துணை அதிபரும் பாதுகாப்புத் துறைத் தலைவரும் அதில் இருந்தார்கள். அந்தக் குழுவைத் தொடங்கிய தேசியப் பாதுகாப்பு ஆலோசகரின் கைப்பேசியிலிருந்து, ‘தி அட்லாண்டிக்’ இதழின் ஆசிரியர் ஜெஃப்ரி கோல்ட்பெர்க்கும் தவறுதலாகச் சேர்க்கப்பட்டிருந்தார். தாக்குதல் நடைபெறும் நேரத்தை அவர் முன்கூட்டியே தம் கைப்பேசியில் படித்தார். பின்னர் அதைத் தம் இதழில் எழுதினார்.

சிக்னலின் மறையாக்கத்தை யாரும் உடைக்கவில்லை. அது தன் வேலையைப் பிழையின்றிச் செய்தது. பட்டியலில் இருந்த ஒவ்வொருவருக்கும், அந்தப் பத்திரிகையாளருக்கும்கூட, திறவுகோலைப் பத்திரமாகக் கொண்டு சேர்த்தது. உலகின் மிக வலிமை வாய்ந்த அரசின் அதிகாரிகளுக்குப் பட்டியலைச் சரிபார்க்க நேரமில்லாமல் போயிற்று. நம் ஊர்க் குழுக்களில் அழைப்பு இணைப்பை அனுப்பிவிட்டு ‘வேண்டியவர்கள் சேர்ந்துகொள்ளுங்கள்’ என்று விட்டுவிடுகிறோமே, அதன் விளைவை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2020 பிப்ரவரியில் அத்தகைய குழு அழைப்பு இணைப்புகள் கூகுள் தேடலிலேயே தென்பட்டதும் செய்தியாயிற்று.

2018இல் ஜெர்மனியின் போகும் ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொன்றைச் சுட்டிக் காட்டினார்கள். வாட்ஸ்அப்பின் வழங்கியைக் கட்டுப்படுத்தும் நிலையில் உள்ள ஒருவர், நிர்வாகியின் அனுமதியின்றியே ஒரு குழுவில் புதியவரைச் சேர்த்துவிட வாய்ப்புண்டு என்பதே அது. அப்போதும் ‘இன்னார் சேர்க்கப்பட்டார்’ என்ற அறிவிப்பு உறுப்பினர்களின் திரையில் தோன்றும் என்று நிறுவனம் விளக்கம் கூறியது. அந்த அறிவிப்பை நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம்? நூறு ‘ஜஸாக்கல்லாஹ்’ செய்திகளுக்கு இடையே அது மேலே ஓடிப்போய்விடுகிறது.

கைமாறிக்கொண்டே இருக்கும் கடவுச்சொல்

குழுக்களைவிடக் கவலைக்குரியது பொதுக் கடவுச்சொல். அறக்கட்டளையின் மின்னஞ்சல், இணையச் சேமிப்பகம், கணக்கு மென்பொருள் ஆகியவற்றுக்கு ஒரே கடவுச்சொல் வைத்து, அதைத் தலைவர், செயலாளர், பொருளாளர், கணினி தெரிந்த ஓர் இளைஞர் ஆகிய நால்வரும் அறிந்திருப்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. நிர்வாகம் மாறும்போது பள்ளிவாசலின் சாவிக்கொத்தைச் சபையோர் முன்னிலையில் ஒப்படைக்கிறோம். கணக்கேட்டில் கையெழுத்து வாங்குகிறோம். கடவுச்சொல்லை மட்டும் புதியவரிடம் சொல்லிவிட்டு, பழையவர் நினைவிலும் அப்படியே விட்டுவைக்கிறோம். இரும்புச் சாவியைத் திருப்பி வாங்க முடியும். ஒருவருக்குத் தெரிந்ததைத் திருப்பி வாங்க முடியாது, மாற்றத்தான் முடியும்.

இதற்கு மறுபுறமும் உண்டு. அச்சத்தால் எல்லாத் திறவுகோலையும் ஒருவரிடமே வைத்துவிட்டால், அவர் நோயுற்றாலோ இறந்துபோனாலோ நிறுவனமே முடங்கிவிடும். ஒருவரிடம் மட்டும் இருக்கும் திறவுகோல் அதிகாரமாகவும் மாறிவிடும். ஆகவே பகிர்வது தவிர்க்க இயலாதது. எப்படிப் பகிர்வது என்பதில்தான் கவனம் வேண்டும்.

ஜெருசலேமில் கிறிஸ்தவர்களின் புனிதக் கல்லறைத் தேவாலயம் இருக்கிறது. அதன் வாசல் சாவியைப் பல நூற்றாண்டுகளாகப் பாதுகாத்து வருவது ஜூதா என்ற முஸ்லிம் குடும்பம். அந்தச் சாவியைக் கொண்டு கதவைத் திறந்து மூடும் பொறுப்பு நுஸைபா என்ற மற்றொரு முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தது. சாவியை வைத்திருப்பவர் ஒருவர், கதவைத் திறப்பவர் மற்றொருவர். இந்தப் பிரிவினை எவரையும் இழிவுபடுத்தவில்லை; இரு குடும்பங்களும் இதைப் பெருமையாகவே கருதுகின்றன.

இதே எண்ணத்தைக் கணிதத்தில் நிறுவியவர் அடி ஷமீர். 1979இல் அவர் வெளியிட்ட முறைப்படி ஒரு திறவுகோலை ஐந்து பங்குகளாக்கி ஐவரிடம் கொடுக்கலாம். எவரேனும் மூவர் சேர்ந்தால் திறவுகோல் முழுமையாகக் கிடைக்கும். இருவர் மட்டும் சேர்ந்தால் அதைப் பற்றி எதுவுமே தெரியாது. ஒருவர் ஏமாற்ற முடியாது. ஒருவர் இல்லாமற்போனாலும் பணி நிற்காது.

எழக்கூடிய மறுப்புகள்

“மறைப்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது?” என்று சிலர் கேட்கலாம். நம்முடையதை நாம் மறைக்காமல் இருக்கலாம். அது நம் உரிமை. ஆனால் குழுவில் கிடப்பது பிறருடைய வறுமை, பிறருடைய நோய், பிறருடைய மகளின் படம். அவற்றின் உரிமையாளர் நாம் அல்லர். நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்டவை அவை. அமானிதம் என்று நாம் சொல்வது இதைத்தானே.

“பெரியவர்களைக் குழுவிலிருந்து நீக்கினால் மனம் புண்படுவார்கள், நம்பிக்கையின்மை என்று கருதுவார்கள்” என்பது அடுத்த மறுப்பு. இதில் நியாயம் இருக்கிறது. நம் ஊர்களில் பல மனத்தாங்கல்கள் ‘என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள்’ என்பதிலிருந்தே தொடங்குகின்றன. அதனால்தான் இது ஆளைப் பார்த்துச் செய்வதாக இருக்கக் கூடாது, விதியாக இருக்க வேண்டும் என்கிறேன். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளும்படி நமக்குக் கட்டளை இருக்கிறது. எழுதச் சொல்வதை யாரும் அவநம்பிக்கையாக எடுத்துக்கொள்வதில்லை. பிற்பாடு சந்தேகம் எழாமல் காப்பதே அந்த எழுத்து. பொறுப்பு முடியும் நாளில் குழுவிலிருந்தும் விலகுவது என்ற விதி எல்லோருக்கும் பொதுவாக இருந்தால், அது ஒருவரையும் குறிவைக்காது. ஏதேனும் கசிந்தபோது விலகியவர்மீது பழி விழாமலும் காக்கும்.

மூன்றாவது மறுப்பே கனமானது. “பொதுப்பணம் கையாளும் இடத்தில் இரகசியம் எதற்கு? எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்கட்டும்” என்பார்கள். கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பதில் ஐயமே இல்லை. எவ்வளவு வந்தது, எத்தனை குடும்பங்களுக்கு எவ்வளவு போயிற்று என்பது பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையிலேயே இருக்கட்டும். அந்தக் குடும்பங்களின் பெயரும் படமும் கணக்கு அல்ல. தொகையைப் பெரிய குழுவிலும், பெயர்களைச் சரிபார்க்கும் பொறுப்புள்ள மூன்று நான்கு பேரின் சிறு குழுவிலும் வைத்தால் இரண்டு கடமைகளும் நிறைவேறும். ஆனால் பல இடங்களில் நடப்பது தலைகீழ்: பெயர்கள் எல்லோருக்கும் தெரிகின்றன, தொகை ஒரு சிலருக்கே தெரிகிறது.

செய்யக்கூடியவை

இவற்றில் எதற்கும் பொறியாளர் தேவையில்லை. அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும்.

முதலாவதாக, ஒவ்வொரு குழுவின் உறுப்பினர் பட்டியலையும் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பெயர் பெயராக வாசியுங்கள். யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாத எண் இருந்தால், விசாரித்து அறியும்வரை அதை நீக்கி வையுங்கள். கைவிடப்பட்ட எண்கள் பின்னர் வேறொருவருக்கு வழங்கப்படுவதுண்டு என்பதை மறவாதீர்கள்.

இரண்டாவதாக, உதவி கோருவோரின் விவரங்கள் வரும் குழுவில் அழைப்பு இணைப்பைப் பயன்படுத்தாதீர்கள். நிர்வாகி மட்டுமே சேர்க்கும்படி அமைத்து, நிர்வாகிகளாக இருவரை நியமியுங்கள்.

மூன்றாவதாக, ஒருவரின் கைப்பேசி தொலைந்தால் அன்றே அவர் எண்ணைக் குழுவிலிருந்து நீக்குங்கள். புதிய கைப்பேசி வந்தபின் சேர்த்துக்கொள்ளலாம். கணினியில் இணைத்து வைத்திருக்கும் வாட்ஸ்அப்பும் தனித் திறவுகோல் கொண்ட ஒரு கருவியே. கடையிலோ அலுவலகத்திலோ இணைத்துவிட்டு மறந்தவற்றை ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதியில் பார்த்து வெளியேற்றுங்கள்.

நான்காவதாக, காப்புப் பிரதியைக் கவனியுங்கள். செய்திகள் மறையாக்கத்துடன் வந்து சேர்ந்தாலும், அவற்றின் பிரதி இணையச் சேமிப்பகத்தில் பூட்டின்றிக் கிடக்கக்கூடும். பிரதிக்கும் மறையாக்கம் செய்யும் வசதியை வாட்ஸ்அப் 2021இல் தந்தது. பயனர்தான் அதை இயக்க வேண்டும். அதன் கடவுச்சொல்லை மறந்தால் பிரதியை மீட்க முடியாது என்பதால் அதை எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.

ஐந்தாவதாக, பொதுக் கடவுச்சொல்லைக் கைவிடுங்கள். சேமிப்பகத்தில் ஒவ்வொருவருக்கும் அவரவர் கணக்கின் வழியே அனுமதி கொடுத்தால், ஒருவர் விலகும்போது அவருடைய அனுமதியை மட்டும் எடுத்தால் போதும். ஒரே கடவுச்சொல் தவிர்க்க இயலாத இடத்தில், சாவிக்கொத்து கைமாறும் அதே நாளில் அதையும் மாற்றி, மாற்றியதைக் கூட்டக் குறிப்பில் பதிவு செய்யுங்கள்.

இவை அனைத்தும் செய்தபின்னும் ஒன்று எஞ்சும். நீக்கப்பட்டவரின் கைப்பேசியில் ஏற்கெனவே இறங்கிய படத்தை எந்த மறையாக்கத்தாலும் திரும்பப் பெற இயலாது. புதிய திறவுகோல் வரப்போகும் செய்திகளைத்தான் காக்கும். தானாக மறையும் செய்திகளை ஏழு நாள்களுக்கு அமைத்து வைப்பது ஓரளவு உதவும். திரையைப் படம் எடுத்து வைத்திருந்தால் அதுவும் உதவாது. ஆகவே ஒரு படத்தைக் குழுவில் இடுமுன் கேட்க வேண்டிய கேள்வி, இது இங்கே வரத்தான் வேண்டுமா என்பதே. பெரும்பாலான நேரங்களில் ‘விண்ணப்பம் எண் 17, மருத்துவ உதவி, இருவர் நேரில் விசாரித்தாயிற்று’ என்ற ஒரு வரி போதுமானது.

நம்மிடம் கைநீட்டுபவர் பெரும்பாலும் நம் அண்டை வீட்டுக்காரர். நாளை அதே தெருவில் அவர் நம்மைக் கடந்து போக வேண்டும். அவருடைய பிள்ளை நம் பிள்ளையோடு அதே மதரஸாவில் படிக்க வேண்டும். அவருக்கு நாம் கொடுக்கும் அரிசியும் பணமும் ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். அவருடைய விவரம் யாருக்குத் தெரியும் என்ற கேள்வி அவருடன் பல ஆண்டுகள் இருக்கும். ஜமாஅத் பொறுப்பாளர்கள் அடுத்த ரமளானுக்கான விண்ணப்பங்களை வாங்கத் தொடங்குமுன், தத்தம் குழுக்களின் உறுப்பினர் பட்டியலை ஒருமுறை வாசித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.